வேலூருக்குப் புதிதாக வந்த கிறிஸ்தவக் குடும்பத்துக்கு: சபையில் சேர்வதும் ஆராதனைக்கு ஆயத்தமாவதும்

என் கணவருக்குக் காட்பாடிக்கு மாற்றல் வந்தபோது எங்கள் மகளுக்கு நான்கு மாதம். திண்டுக்கல் பக்கத்தில் நாங்கள் இருந்த சபையிலேயே அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டுப் புறப்பட்டிருக்கலாம். வேலூரில் ஆலயங்களுக்கா பஞ்சம், அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டோம். கடைசியில் ஞானஸ்நானத் தொட்டிவரை அவளே நடந்து போனாள். இடையில் 11 மாதங்கள் ஓடியிருந்தன.

அந்த 11 மாதங்களில் பாதியைக் காகிதங்கள் தின்றன. மறுபாதி வீணானதற்குக் காரணம் நான்தான். காகிதம் எல்லாம் சரியாகி, சபைப் பதிவேட்டில் பெயர் ஏறிய பிறகும், ஞாயிற்றுக்கிழமைதோறும் பெஞ்சில் உட்கார்ந்து எழுந்து வந்தேனே தவிர, ஆராதித்தேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆகவே இரண்டையும் பற்றி எழுதுகிறேன். நான் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவள். இங்கே சொல்லும் முறைகள் பெரும்பாலும் அந்தச் சபையினுடையவை. கத்தோலிக்கருக்கும் மற்றவர்களுக்கும் வேறுபடும் இடங்களை ஆங்காங்கே குறித்திருக்கிறேன்.

1. ஆலயம் தேடுவதை நான்கு வாரத்துக்குள் முடியுங்கள்

வேலூரில் ஆலயங்களுக்குக் குறைவில்லை. கோட்டைக்குள் 1846-இல் கட்டப்பட்ட தூய யோவான் ஆலயம் இருக்கிறது. ஊருக்குள் மத்திய ஆலயம், கத்தோலிக்கருக்கு விண்ணேற்பு அன்னை பேராலயம், சி.எம்.சி. மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே ஒரு சிற்றாலயம். காட்பாடி, சத்துவாச்சாரி, தொரப்பாடி, பாகாயம் என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு சபை கண்ணில் படும். கடைகளுக்கு மேல் மாடியில் கூடும் சிறு சபைகள் தனி.

இத்தனை இருந்ததே எங்களுக்குக் கண்ணியாயிற்று. ஐந்து மாதம் வாரம் ஓர் ஆலயமாகச் சுற்றினோம். வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது மதிப்பெண் போடுவோம்: இங்கே பாடகர் குழு நன்றாக இருக்கிறது, அங்கே பிரசங்கம் நீளம், இன்னொரு இடத்தில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. உண்மையில் நாங்கள் தேடியது திண்டுக்கல்லில் விட்டுவந்த ஆலயத்தை. அதே பாட்டு, அதே மணியோசை, அதே ஜன்னலோர இடம். அது எப்படி வேலூரில் கிடைக்கும்?

யோவான் 4-ஆம் அதிகாரத்தில் கிணற்றடிக்கு வந்த சமாரியப் பெண்ணும் இதைத்தான் கேட்டாள்: எங்கள் முன்னோர் தொழுத இந்த மலையா, நீங்கள் சொல்லும் எருசலேமா? இயேசு அவளுக்கு இடத்தைத் தேர்ந்து கொடுக்கவில்லை. பிதாவை ஆவியோடும் உண்மையோடும் தொழுகிறவர்களைப் பற்றிப் பேசினார். இதைச் சிறு வயதிலிருந்து மனப்பாடமாக ஒப்பித்தவள் நான். ஆனாலும் ஐந்து மாதம் மலைக்கும் எருசலேமுக்கும் இடையே பஸ் ஏறிக்கொண்டிருந்தேன்.

எங்கே சேர்வது என்று முடிவு செய்ய ஓர் எளிய வழி உண்டு. நடந்து போகும் தூரத்தில், இல்லையென்றால் ஒரே பஸ்ஸில் போய்ச் சேரும் தூரத்தில், உங்கள் திருச்சபையைச் சேர்ந்த ஆலயம் எது என்று பாருங்கள். அதில் தொடர்ந்து நான்கு ஞாயிறு உட்காருங்கள். அந்த நான்கில் ஒன்று திருவிருந்து (அப்பமும் திராட்சரசமும் பெறும் ஆராதனை) ஞாயிறாக இருக்கட்டும். பல சபைகளில் அது மாதத்தின் முதல் ஞாயிறு. தூரத்தை முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. வார நாள் ஜெபக்கூட்டத்துக்கு நீங்கள் போக வேண்டும், வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் ஆயர் (சபையின் போதகர்) வந்து பார்க்க வேண்டும், பக்கத்து பெஞ்சில் உட்காருகிறவரைச் சந்தையிலும் பார்க்க வேண்டும். 12 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அழகான ஆலயத்தில் இது எதுவும் நடக்காது.

2. சான்றிதழ்கள்: பழைய ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே வாங்குங்கள்

எங்கள் காலத்தை அதிகம் தின்றது இதுதான். புதிய சபையில் குடும்பமாகச் சேர எங்களிடம் கேட்டவை இவை:

– பழைய சபையின் ஆயர் கையெழுத்திட்டு முத்திரை வைத்த மாற்றுக் கடிதம்
– குடும்பத்தில் ஒவ்வொருவருடைய ஞானஸ்நானச் சான்று
– பெரியவர்களின் திடப்படுத்தல் சான்று (ஞானஸ்நானம் பெற்றவர் வளர்ந்தபின் தம் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு)
– திருமணச் சான்று
– முகவரிக்கு ஆதார் நகல், குடும்பப் புகைப்படம் ஒன்று

மாற்றுக் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. குடும்பத்தார் அனைவரின் பெயர், ஒவ்வொருவரும் ஞானஸ்நானம் பெற்ற தேதி, திடப்படுத்தப்பட்ட தேதி, சந்தா எந்த மாதம்வரை செலுத்தப்பட்டிருக்கிறது என்ற விவரம் எல்லாம் ஒரே கடிதத்தில் இருக்க வேண்டும். எங்களுக்கு வந்த முதல் கடிதத்தில் என் மாமியாரின் திடப்படுத்தல் தேதி விடுபட்டிருந்தது. இங்கே அதை ஏற்கவில்லை. திருப்பி அனுப்பியபோது அங்கே ஆயர் மாறிக்கொண்டிருந்தார்; பதிவேடு இருந்த பீரோவின் சாவி யாரிடம் என்றே தெரியவில்லை. திருத்திய கடிதம் கைக்கு வர ஒன்பது வாரம் பிடித்தது. தபால், நகல், புகைப்படம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆன செலவு 300 ரூபாய்கூட இல்லை. விரயமானது காலம்தான்.

தொலைபேசியில் கேட்டால் "அனுப்புகிறோம்" என்பார்கள். எழுதிக் கேளுங்கள். ஞானஸ்நானம் பெற்ற ஆண்டு, தகப்பன் பெயர், தாய் பெயர், அப்போது இருந்த ஊர் ஆகியவற்றைக் கடிதத்திலேயே குறித்துவிட்டால் பதிவேட்டைப் புரட்டுகிறவருக்கு வேலை பாதியாகும். சொந்தக்காரர் ஒருவர் நேரில் போய் நிற்க முடிந்தால் இன்னும் நல்லது.

பெயர் வேறுபாட்டையும் முன்பே பாருங்கள். பதிவேட்டில் "ஞானசெல்வம்" என்றும் பள்ளிச் சான்றிதழில் "செல்வம்" என்றும் இருப்பது நம் வீடுகளில் சகஜம். இரண்டும் ஒருவரே என்று பழைய ஆயரிடம் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தைக்கு ஞானஸ்நானம் என்றால், பிறப்புச் சான்றிதழில் உள்ள அதே பெயரை, அதே எழுத்தில் கொடுங்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளி, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கான ஆதாரம் அரசின் பிறப்புச் சான்றிதழ்தான். ஞானஸ்நானச் சான்று அதற்கு மாற்றாகாது. ஞானப் பெற்றோராக நிற்கப்போகிறவர்கள் திடப்படுத்தப்பட்டவர்களா என்று இங்கே கேட்டார்கள்; ஊரிலிருந்து வரும் உறவினர் என்றால் அவர்களும் சான்றின் நகலைக் கையோடு கொண்டுவரட்டும்.

கத்தோலிக்கர் பங்குத்தந்தையைப் பார்த்துக் குடும்பப் பதிவைச் செய்துகொள்ள வேண்டும். உங்கள் தெரு எந்த அன்பியத்தில் (பங்குக்குள் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் சிறு குழு) வருகிறது என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். திருமணத்துக்காகத் திருமுழுக்குச் சான்று (ஞானஸ்நானச் சான்றைத்தான் அப்படிச் சொல்வார்கள்) கேட்டால், பழைய சான்று போதாது. அண்மையில் எடுத்ததைத்தான் ஏற்பார்கள்.

வேறு சமயத்திலிருந்து வந்து ஞானஸ்நானம் பெற விரும்புகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. ஆயத்த வகுப்புகள் உண்டு. அவசரப்பட்டு, "இந்த ஞாயிறே கொடுத்துவிடுங்கள்" என்று கேட்காதீர்கள். பட்டியல் சாதியைச் சேர்ந்தவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்: 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி கிடையாது. தமிழ்நாட்டில் அப்படி வந்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்க்கப்படுகிறார்கள். அந்த ஆணை அநியாயமானது என்பது என் உறுதியான கருத்து. ஒடுக்குகிறவன் நம் மதத்தைக் கேட்டுவிட்டா ஒடுக்குகிறான்? ஆனாலும் ஆலயத்தில் ஒரு பெயர், அலுவலகத்தில் ஒரு பெயர் என்று இரண்டு பெயரைச் சுமந்துகொண்டு "உண்மையோடும்" என்ற சொல்லைப் பாடுவது எவ்வளவு பெரிய பாரம் என்று அதைச் சுமந்தவர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். யாரும் உங்களை விரட்டக் கூடாது. விவரம் தெரிந்து, வீட்டாரோடு பேசி, உங்கள் காலத்தில் முடிவெடுங்கள்.

3. பணம்

சபையில் சேர்வதற்குக் கட்டணம் இல்லை. மாதச் சந்தா உண்டு. எவ்வளவு என்று பொருளாளரிடம் நேராகக் கேளுங்கள், அதில் கூச்சம் வேண்டாம். ரசீது வாங்குங்கள். சந்தா பாக்கி வைத்தால் வாக்காளர் பட்டியலில் பெயர் வராமல் போவதிலிருந்து திருமண ஓலை (திருமணம் நடக்கப்போவதை ஆலயத்தில் அறிவிப்பது) வாசிக்கும் நேரத்தில் சங்கடப்படுவதுவரை தொல்லைகள் வரும். வருடத் தொடக்கத்தில் மொத்தமாகச் செலுத்திவிட்டால் நிம்மதி. ஞானஸ்நானத்துக்கு என்று யாராவது தொகை கேட்டால் ஆயரிடமே விசாரியுங்கள். மனமுவந்து நன்றிக் காணிக்கை படைப்பது வேறு விஷயம்.

காணிக்கை வேறு, சந்தா வேறு. காணிக்கையை வீட்டிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். தட்டு வரும்போது கைப்பையைத் துழாவி, 500 ரூபாய்த் தாளைத் தள்ளிவிட்டு 10 ரூபாய்த் தாளைத் தேடியவள் நான். தேடிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் என் மனம் கடவுளிடத்தில் இல்லை, பையில் இருந்தது.

அறுவடைத் திருவிழாவைத் தவறவிடாதீர்கள். நிலத்தில் விளைந்ததைக் கொண்டுவந்து பீடத்தின் முன் வைப்பார்கள். நாங்கள் கடலை என்பதை இந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்கிறார்கள். செடியோடு பிடுங்கி, வேரில் மண் ஒட்டியபடியே கட்டுக் கட்டாக வந்தது. அணைக்கட்டுப் பக்கத்துக் குடும்பம் ஒன்று இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயைக் கூடையில் கொண்டுவந்திருந்தது; காம்பு முள் குத்தி, சுமந்துவந்த பையனின் விரலில் ரத்தம் துளிர்த்திருந்தது. அவன் அதைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கூடையை நேராக நகர்த்தி வைத்தான். ஆராதனை முடிந்து ஏலம் நடக்கும். ஏலத்தில் கௌரவத்துக்காக விலையை ஏற்றும் போட்டியில் நீங்கள் இறங்க வேண்டாம். உங்களால் முடிந்ததை எடுங்கள். முடியாவிட்டால் நின்று பாருங்கள். ஏழை விதவையின் இரண்டு காசைக் கவனித்தவர் ஏலக் கணக்கைப் பார்ப்பதில்லை.

4. ஞாயிறு ஆராதனையைச் சனிக்கிழமை தொடங்குங்கள்

எங்கள் வீட்டில் ஞாயிறு காலை எப்படி விடியும் என்று சொன்னால் உங்கள் வீடும் நினைவுக்கு வரலாம். கறிக்கடையில் கூட்டம் சேரும் முன் கணவர் ஓடுவார். மாமியார் அரைக்க வேண்டியதை எடுத்து வைப்பார். நான் குழந்தையைக் குளிப்பாட்டி, புடவைக்கு இஸ்திரி போட்டு, எல்லோர்மீதும் எரிந்து விழுந்து, ஆராதனை தொடங்கிப் பத்து நிமிடம் கழித்து மூச்சிரைக்க உள்ளே நுழைவேன். பாவ அறிக்கை அப்போது முடிந்திருக்கும். வீட்டாரைத் திட்டிவிட்டு, அதை அறிக்கையிடும் இடத்தையும் தவறவிட்டு, மற்றதற்கெல்லாம் ஆமென் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் துணி, கறி, காணிக்கை மூன்றும் தயாராகிவிட வேண்டும் என்று வைத்திருக்கிறோம். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மறுநாள் வாசிக்கப்போகும் வேத பாடங்களை மாறி மாறிப் படிக்கிறோம். பாடங்கள் எவை என்பது சபையின் ஆண்டு அட்டவணையில் இருக்கும்; இல்லையென்றால் முந்தின ஞாயிறே ஆயரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். இருபது நிமிட வேலை. படித்துவிட்டுப் போகிற நாளில் பிரசங்கம் நீளமாகத் தோன்றுவதில்லை என்பதை என் அனுபவத்தில் சொல்கிறேன்.

ஆராதனை தொடங்க 15 நிமிடம் முன்பாக உள்ளே இருங்கள். நேரத்தை அறிவிப்புப் பலகையில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். முக்கியமான நாட்களில் மாறும். ஞாயிறு காலையில் நகரப் பஸ்கள் குறைவு என்பதையும் கணக்கில் வையுங்கள். கிராமத்து ஆலயங்களில் செருப்பை வெளியே விட வேண்டும். ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமுமாக உட்காரும் இடங்களும் உண்டு. பார்த்துச் செய்யுங்கள். பாட்டுப் புத்தகம் வாங்கும் முன் இங்கே எதைப் பயன்படுத்துகிறார்கள் என்று கேளுங்கள். நான் ஊரிலிருந்து கொண்டுவந்த புத்தகத்தின் எண்களும் இங்குள்ள எண்களும் பொருந்தாமல் மூன்று வாரம் திண்டாடினேன்.

5. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு உட்காருங்கள்

"ஆராதனை நன்றாக இருந்தது" என்று இந்நாளில் சொல்லும்போது, பலர் நினைப்பது கீபோர்டும் பாட்டும் இருந்த அரை மணி நேரத்தை மட்டும். மற்றதெல்லாம் அறிவிப்பு, பிரசங்கம் என்று ஒதுக்கிவிடுகிறோம். அப்படி இல்லை. நம் ஆராதனை முறைமைக்கு ஒரு நடை இருக்கிறது. முதலில் ஆயத்தம்: பாட்டு, ஜெபம், முழங்காலில் நின்று பாவ அறிக்கை, மன்னிப்பின் வார்த்தை. அடுத்து வசனம்: பழைய ஏற்பாடு, நிருபம், சுவிசேஷம், பிரசங்கம், விசுவாசப் பிரமாணம், பிறருக்கான மன்றாட்டு. அதற்குப் பின் சமாதானம் கூறுதல், காணிக்கை, திருவிருந்து. கடைசியில் ஆசீர்வாதம் பெற்று வெளியே அனுப்பப்படுகிறோம். முறைமைப் புத்தகத்தை ஒரு முறை வீட்டில் உட்கார்ந்து மெதுவாகப் படித்துப் பாருங்கள். வாய் பழகிவிட்டதால் காது கேட்காமல் விட்ட வரிகள் எத்தனை என்று தெரியும்.

இரண்டு எச்சரிக்கைகள். கண்ணீர் வந்தால்தான் ஆராதனை என்று நினைக்காதீர்கள். பெந்தெகொஸ்தே சபைகளில் கை உயர்த்திச் சத்தமாகத் துதிக்கிறார்கள். எங்கள் சபையில் புத்தகத்தைப் பார்த்துச் சொல்கிறோம். இரண்டிலும் மனம் இருக்கலாம், இரண்டிலும் மனம் இல்லாமலும் போகலாம். எனக்குப் பல ஞாயிறுகளில் ஒன்றுமே உள்ளே அசைவதில்லை. அப்போதும் எழுந்து நின்று சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன், ஏனென்றால் துதிக்குரியவர் அவர். என் மனநிலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இரண்டாவது, பாட்டு எவ்வளவு இனிமையாக இருந்தாலும் அதற்குள் ஒளிந்துகொள்ள முடியாது. உங்கள் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்றுங்கள் என்று ஆமோஸ் வழியாகக் கடவுள் சொன்னது, பாடத் தெரியாதவர்களிடம் இல்லை. நன்றாகப் பாடிக்கொண்டே ஏழையின் வழக்கைப் புரட்டியவர்களிடம் சொன்னார். ரோமர் 12-இல் பவுல் நம் சரீரத்தையே ஜீவபலியாக ஒப்புக்கொடுக்கச் சொல்லி, அதற்குப் "புத்தியுள்ள ஆராதனை" என்று பெயரிடுகிறார். திங்கட்கிழமை வீட்டு வேலைக்கு வரும் அம்மாளின் சம்பளத்தைச் சொன்ன தேதியில் கொடுப்பது அந்த ஆராதனையில் சேருமா என்று என்னைக் கேட்டால், முதலில் சேரும் என்பேன்.

6. சமாதானம் கூறும் இடத்துக்கு முன் முடிக்க வேண்டிய வேலை

நான் நின்றுபோன இடம் இது.

எங்கள் முறைமையில் சமாதானம் பீடத்திலிருந்து புறப்படுகிறது. ஆயர் ஒருவருக்குக் கொடுக்க, அவர் அடுத்தவருக்குக் கொடுக்க, கைக்குள் கை வைத்து பெஞ்சு பெஞ்சாகக் கடைசி வரிசைவரை வரும். பல ஆலயங்களில் இப்போது கைகூப்புவதோடு சரி. நாங்கள் சேர்ந்த சபையில் கையாலேயே கொடுப்பார்கள். அன்று எனக்கு முன்னால் இருந்த மூதாட்டி திரும்பி என் கையைத் தம் இரண்டு கைகளுக்குள் வாங்கினார். புளியம்பழத் தோடு போல் காய்ந்த உள்ளங்கை. ஒரு விரலில் பீங்கான் நிறத்தில் பழைய தீக்காயத் தழும்பு. "சமாதானம், அம்மா" என்றார். நான் அதை என் பக்கத்திலிருந்த பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். கொடுத்த மறுநொடி என் அண்ணனின் முகம் வந்து நின்றது.

அப்பா இறந்த பிறகு வீட்டைப் பங்கு வைத்ததில் அண்ணனுக்கும் எனக்கும் பேச்சு நின்று அப்போது மூன்று வருடம். யார் பக்கம் நியாயம் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. முன்பின் தெரியாத பெண்ணிடம் சமாதானம் சொல்லும் என் வாய்க்குக் கூடப்பிறந்தவனிடம் ஒரு சொல் இல்லை. அடுத்து காணிக்கைத் தட்டு வந்தது. பலிபீடத்தில் காணிக்கையை வைக்கும்போது சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால், அதை அங்கேயே விட்டுப் போய் முதலில் அவனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5-இல் இருக்கிறது. சமாதானம் முன்பும் காணிக்கை பின்புமாக முறைமையில் வைத்திருப்பது அதனால்தான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அன்று நான் திருவிருந்துக்கு முன்னே போகவில்லை.

பின்னர் ஆயரிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "அம்மா, சான்றிதழுக்காகத் திண்டுக்கல்லுக்கு எத்தனை முறை போன் செய்தீர்கள்?" இருபது முறையாவது இருக்கும் என்றேன். "அண்ணனுக்கு?" என்றார்.

நான் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். ஞாயிறு காலையில் இதைத் தொடங்காதீர்கள். அவசரத்தில் வாய் தவறும். வெள்ளிக்கிழமை மாலை நல்லது. முதல் அழைப்பில் நிலம், வீடு, நகை எதையும் எடுக்காதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் பேச வேண்டாம். "ஆனால் நீயும்தான்" என்று ஒரு வாக்கியம் உள்ளே தயாராக நிற்கும், அதை விழுங்கிவிடுங்கள். எடுக்கவில்லையென்றால் அடுத்த வாரம் திரும்ப அழையுங்கள். என் அண்ணன் இரண்டு வெள்ளிக்கிழமைகள் எடுக்கவில்லை. மூன்றாவது வாரம் எடுத்து, நெடுநேரம் சும்மா இருந்துவிட்டு, "அங்கே மழை உண்டா?" என்று கேட்டார். இல்லை அண்ணா, பாலாறு காய்ந்து கிடக்கிறது என்றேன். அன்றைக்கு அவ்வளவுதான். பங்குப் பிரச்சினை இன்னும் முழுதாகத் தீரவில்லை. ஆனால் மகளின் ஞானஸ்நானத்துக்கு அண்ணன் வந்து முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

எல்லா உறவுகளும் இப்படி முடியாது. அடித்தவரிடமும் ஏமாற்றியவரிடமும் திரும்பிப் போய் வாழுங்கள் என்று நான் சொல்லவில்லை. "கூடுமானால் உங்களாலானமட்டும்" என்றுதான் பவுலும் எழுதினார். அப்படிப்பட்ட நிலையில் இருப்பவர்கள் தனியே சுமக்காமல் ஆயரிடமோ நம்பிக்கையான மூத்தவரிடமோ பேசிவிட்டுத் திருவிருந்துக்குப் போங்கள்.

7. "நீங்கள் யார் வீட்டுப் பிள்ளை?"

புதிதாக வருகிறவரிடம் இரண்டாவது வாரமே இந்தக் கேள்வி வரும். சில வாய்களில் அது வெறும் அன்பு. சில வாய்களில் அது சாதியைத் தொடுவதற்கான சுற்றுவழி: சொந்த ஊர் எது, ஊரில் எந்தத் தெரு, யாருக்குச் சொந்தம் என்று நெருங்கி வரும். எங்களிடமும் வந்தது. நான் பழைய சபையின் பெயரையும் ஆயரின் பெயரையும் சொல்லி நிறுத்திக்கொண்டேன். நீங்களும் அதற்குமேல் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை. நீங்களும் யாரிடமும் கேட்காதீர்கள்.

உண்மையான தொழுகையைப் பற்றி இயேசு பேசியது எந்த உரையாடலில் என்று கவனியுங்கள். ஆலயத்தில் இல்லை, கிணற்றடியில். ஒரு சாரார் பாத்திரத்தில் இன்னொரு சாரார் தண்ணீர் குடிக்காத ஊரில், அவர் அந்தப் பெண்ணிடம் தாகத்துக்குக் கேட்டார். அவளே திகைத்துப்போகிறாள். குடத்திலிருந்து தொடங்கிய பேச்சுத்தான் ஆவியோடும் உண்மையோடும் தொழுவதில் போய் முடிகிறது. ஊருக்கு ஒரு குழாயும் காலனிக்கு ஒரு குழாயுமாக வாழ்ந்த நம் மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. திருவிருந்தில் யாருக்குப் பின்னால் நிற்பது என்று கணக்குப் பார்த்து வரிசையில் நகர்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த இடத்தில் ஆராதனை நின்றுவிடுகிறது, பாடகர் குழு பாடிக்கொண்டிருந்தாலும்.

8. சிகிச்சைக்காக வந்திருப்பவர்களுக்கு

வேலூரில் புதிதாக வந்தவர் என்றால் பாதிப்பேர் மருத்துவமனைக்கு வந்தவர்கள். உங்களுக்கு மாற்றுக் கடிதமோ சந்தாவோ தேவையில்லை. எந்த ஆலயத்திலும் போய் உட்காரலாம். திருவிருந்து எடுக்க விரும்பினால், தொடங்கும் முன் ஆயரிடம், இன்ன சபை, திடப்படுத்தப்பட்டிருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நோயாளியைத் தனியே விட்டுவிட்டு ஆராதனைக்குப் போக வேண்டுமே என்று சிலர் குற்றவுணர்வில் தவிக்கிறார்கள். கூட இருப்பவர்கள் முறை வைத்துப் போங்கள். ஆள் இல்லையென்றால் கட்டிலருகே இருந்துகொள்ளுங்கள். படுத்திருப்பவருக்குத் திருவிருந்து வேண்டுமானால் ஆயர் வருவார். இரண்டு நாள் முன்பே சொல்லி, வார்டில் அனுமதிக்கும் நேரத்தையும் சொல்லிவிடுங்கள்.

9. ஆண்டில் குறித்து வைக்க வேண்டிய நாட்கள்

திடப்படுத்தல் ஆராதனைக்குப் பேராயர் வர வேண்டும். ஆண்டு முழுவதும் நடக்காது. பிள்ளைகளுக்கு வகுப்பு எப்போது தொடங்குகிறது என்று இப்போதே கேட்டு வையுங்கள். ஒரு முறை தவறினால் அடுத்த முறைவரை காத்திருக்க வேண்டியிருக்கும். குழந்தை ஞானஸ்நானத்துக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பாகப் பெயர் கொடுங்கள். கிறிஸ்துமஸை ஒட்டிக் கேட்காதீர்கள். அப்போது ஆயருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. திருமணம் என்றால் மூன்று ஞாயிறுகளில் ஓலை வாசிக்க வேண்டும். மண்டபத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் ஆலயத்தில் தேதியைக் கேளுங்கள்.

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனைக்கு இடம் கிடைக்காது. பத்து மணிக்கே போய்விடுங்கள், திரும்பி வர வண்டிக்கும் சொல்லி வையுங்கள். தவக்காலத்து மாலைக் கூட்டங்களுக்குக் கூட்டம் குறைவு. புதியவர்கள் நாலுபேரோடு பழக அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை. பெரிய வெள்ளியன்று மும்மணி ஆராதனை பகல் 12 முதல் 3 வரை. வேலூர் வெயிலில் அந்த மூன்று மணி நேரம் உள்ளே அனல் போலிருக்கும். தண்ணீர் பாட்டில் கொண்டுபோவதில் தவறில்லை. இரண்டாகக் கொண்டுபோங்கள், பக்கத்தில் இருப்பவர் கொண்டுவந்திருக்கமாட்டார்.